குதிகாலுக்கு ஒரு கயிறு

கட்டிலுக்குக் குறுக்கே கிடக்கும் கயிற்றைத்தானே கேட்டீர்கள். சாதாரணப் பருத்திக் கயிறு. தேநீர் ஆறுகிறது, குடியுங்கள். கவுன்சிலில் இருந்து நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் யாரும் இங்கே தேநீரை முழுதாகக் குடிப்பதில்லை.

பேராசிரியர் டானிலோ பிலிப்பைன்ஸில் இலோய்லோ என்ற ஊர்க்காரர். லண்டனுக்கு நாடகம் படிக்க வந்து, பிறகு கற்பித்து, எழுதி, நடித்து இங்கேயே தங்கிவிட்டார். ஆஸ்பத்திரித் தாதிகளையும் வீட்டுவேலைக்கு வந்த பெண்களையும் பற்றி எழுதி, தனியாளாக அவரே நடிப்பார். நான் அவரிடம் படித்தவள். படிப்பு முடிந்ததும் அவருடைய மேடை நிர்வாகியானேன். கலியாணப் பேச்சுகள் வந்தன. ஒத்திகை இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

பார்வையாளருக்கு முதுகைக் காட்டி அவர் ஒருநாளும் மேடையை விட்டுப் போனதில்லை. எந்த நாடகமானாலும் கடைசியில் வெறுங்காலோடு, அவர்களைப் பார்த்தபடியே, பின்பக்கமாக நடந்து இருட்டுக்குள் போவார். மேடையின் பின்விளிம்புக்குச் சற்று முன்னால் நான் ஒரு கயிற்றைத் தரையோடு ஒட்டிவைப்பேன். குதிகாலில் அது தட்டியதும் நின்றுவிடுவார். கயிறு இருக்கிறதா என்று தானே போய்ப் பார்க்கமாட்டார். மேடையேறுமுன், நான் பழக்கிவிட்ட தமிழில் கேட்பார்.

"கௌசி, கயிறு கிடக்கோ?"

"ஓம் சேர், கிடக்கு."

அவ்வளவுதான். இத்தனை வருடமும் அது போதுமாயிருந்தது.

போன வருடம் ஓய்வுபெறப் போவதாகச் சொன்னார். இலோய்லோவில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு நாடகப் பள்ளி தொடங்குவாராம். நான் எப்போது வரவேண்டும் என்று கேட்டேன். சிரித்தார். நீ எதற்கு, இனி உன் வாழ்க்கையைப் பார் என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. பஸ் பிடித்து பிளேஸ்டோவில் இந்த வீட்டுக்கு வந்து, சோறு வைத்துச் சாப்பிட்டேன்.

பிரியாவிடை நிகழ்ச்சிக்குப் போட்ட மேடை ஆள் உயரம் இருந்தது. பின்னால் வெறும் சீமெந்துத் தரை. அவர் வழக்கம்போலக் கேட்டார். நானும் வழக்கம்போலச் சொன்னேன். கயிறு என் கைப்பைக்குள் இருந்தது.

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். விழுந்த சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது. விளக்குகள் வருமுன் கயிற்றை அதன் இடத்தில் ஒட்டிவிட்டுக் கீழே இறங்கினேன். வயதான மனிதர், கால் தவறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

கால்கள் இரண்டும் போய்விட்டன. பேச்சும் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்து நேரே என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவருடைய உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்? தங்கை வந்து கூட்டிப்போவதாக அடிக்கடி போன் எடுக்கிறார். பயணம் தாங்கமாட்டார் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

கைகள் மட்டும் இன்னும் வேலை செய்கின்றன. நான் அறைக்குள் போனால் போதும், கைகளை ஊன்றி, கட்டிலின் அந்தப் பக்க விளிம்புக்கு நகரப் பார்க்கிறார். அதற்காகத்தான் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டினேன். அதே கயிறுதான். இறுக்கி முடிச்சுப் போடும்போது, அவர் கேட்காமலே, "கிடக்கு சேர்" என்று சொல்லுவேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

இதை அவிழ்க்கச் சொல்லாதீர்கள். இன்னொரு தடவை விழுந்தால், என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?