மூன்று சோடி மாலை

ஆவணி 14, புதன். வழக்கம்போல் நடை, குளியல், இட்லி முடித்துச் சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் நின்றேன். பக்கத்தில் ஒரு பூக்கடைக்காரர், மடிக்கணினியுடன் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் பொரிந்துகொண்டிருந்தார்.

“நீ செஞ்சு தந்த வெப்சைட்ட நம்பி, ஒரு சோடி மாலை கேட்ட கல்யாணத்துக்கு மூணு சோடி கட்டிட்டேன் மக்கா!”

“செர்வர் ஆர்டர எடுத்துட்டு அண்ணாச்சி. பதில்தான் கல்யாண வீட்டுக்காரங்க போனுக்குப் போய்ச் சேரல. வரலன்னு ஆர்டர் பட்டன திரும்பத் திரும்ப அமுக்கிட்டாங்க.”

“மிச்சம் நாலு மாலை. நம்ம கோயில்ல சாமி மூணு பேருதான். நாலாவத உன் செர்வர் கழுத்துல போடவா?”

“ஒரு ஆர்டருக்கு ஒரே நம்பர் குடுக்கேன். அதே நம்பர் திரும்ப வந்தா செர்வர் சேக்காது.”

“நாளைக்கும் முகூர்த்தம். விடியுமுன்ன சரியாகலன்னா வெப்சைட்ட மூடிருதேன்.”

அவளுக்கான கடையநல்லூர் பேருந்து வந்தது. அவள் ஏறவில்லை, தட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக, அவர் பையில் பார்த்த கடைப்பெயரைப் போனில் தேடினேன். ஒரு முழம் மல்லிகைக்கு மூன்று முறை அமுக்கினேன். ஒரு முழம்தான் பதிவானது.