குளிசைத் தோலும் கொளுத்தும் வெயிலும்

— கேளு மச்சான் மீராசா! நேத்து வெயில் பத்து மணித்தியாலம் என்ட தலைக்கு மேல நிண்டு இந்த ஜவுபரைத் தேடிச்சி. கண்டுபுடிக்க ஏலாம அழுதுக்கிட்டே போய்ட்டு!

— அல்லாட காவல்! டொக்டர் தந்த குளிசை ஒழுங்காப் போடுறயா?

— காலையில ஒண்டு, ராவைக்கு ரெண்டு.

— அந்தக் குளிசைதானே உன்ட தோலைக் கெடுத்தது. போன போகம் அரை மணித்தியாலம் வயல் வட்டையில நிண்டாய். மூஞ்சி, புறங்கையெல்லாம் அவிஞ்ச இறால் மாதிரிச் செவந்து கொப்பளிச்சிட்டு. பெருவியாதியெண்டு ஊரே ஒதுங்கிச்சி.

— இறாலா? என்ட முதுகுல உன்ட தங்கச்சி ஹாஜறா அப்பம் சுட்டவள் மச்சான்!

— பகிடிய விடு. ஒண்டு, குளிசைய நிப்பாட்டு. இல்லாட்டி காணிய எனக்குத் தா. வெயில் படேலாதவனுக்கு என்ன வேளாண்மை?

— ரெண்டும் நடவாது. சூறாவளிக்குப் பொறகு நாப்பது நாள் நித்திரை இல்லாம காத்தோட சண்டை புடிச்சித் திரிஞ்சவன் நான். அந்தக் குளிசைதான் என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தது. டொக்டர் என்ன செல்லினார்? "உன்ட பாட்டுல நிப்பாட்டாத. வெயில் படாம உடம்ப மூடு." மூடினன். என்ட வேளாண்மை வெட்டுக்கு நானே போனன்.

— பொய்! நேத்து உன்ட வட்டைக்கு நானும் வந்தன். உன்ட நிழலையும் காணல்ல.

— வந்தாய். கதிர் வெட்டுக்காரரிட்ட "பைத்தியக்காரனுக்கு எதுக்குக் காணி" எண்டும் கேட்டாய்.

— அதை... ஆரு உனக்குச் செல்லினது?

— வரம்போரம் கதிர் பொறுக்கின பொண்டுகள்ள, கடைசியா ஒரு நெட்டை ராத்தா குந்தி இருந்தாவா?

— ஓம். சாறியால முக்காடு போட்டு, கைக்கு உறையா மேசும் மாட்டிக்கிட்டு. வாயே தொறக்கல்ல. ஊமையாக்கும் எண்டு நெனச்சன்.

— சாறி ஹாஜறாட. மேசு என்ட. நீ ரெண்டு கை கதிர் அள்ளித் தந்து, "எனக்குத் துஆ செய்யுங்க ராத்தா" எண்டாய். என்ட நெல்லை எனக்கே ஸதக்கா குடுத்தவன் உலகத்துல நீ ஒருத்தன்தான்! பாரு இந்தக் கையை. ஒரு கொப்பளம் இரிக்கா?

— ...இல்ல.

— அப்ப செல்லு. நான் வட்டையில நிண்டனா, இல்லையா?

— நிண்டாய்டா. குளிசையப் போடு, காணிய நீயே பாரு. காத்துக்கு முக்காடு விலகக்குள்ள ராத்தாட மீசையை நானும் கண்டன். எனக்குத்தான் பைத்தியமெண்டு பயந்து, ராவு முழுக்க நான் கண்ணே மூடல்ல மச்சான்.