ஒன்று என்று முடியும் சாவி

எனக்குக் காபி வேண்டாம், நன்றி. ஒரு நாளைக்கு இரண்டு கோப்பைதான் என் அளவு. மூன்றாவது குடித்தால் விரல்கள் லேசாக நடுங்கும். என் வேலையில் அது கூடாது.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு உங்களுக்குக் குழப்பம் வராது. எங்கள் நகராட்சியில் வீட்டிலேயே பராமரிக்கப்படும் முதியவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஒருவருக்கு ஒரு பதிவு. பதிவுகள் எல்லாம் கிளவுடில் இருக்கின்றன, அதாவது தெற்கே எங்கோ ஒரு கட்டடத்தில். நான் அதைப் பார்த்ததில்லை. தினமும் காலை ஐந்து மணிக்கு அந்தப் பதிவுகளிலிருந்து செவிலியர்களின் பட்டியல் தானாகத் தயாராகும். பதிவு இருந்தால் செவிலியர் போவார். இல்லாவிட்டால் போகமாட்டார். முதியவர் கையில் கட்டியிருக்கும் அவசரப் பட்டையும் அப்படித்தான். பொத்தானை அமுக்கினால் அழைப்பு பதிவைத் தேடும். பதிவு இல்லையென்றால் அழைப்பு எங்கும் போகாது.

நான் செய்வது இரண்டே காரியம், திருத்துவதும் அழிப்பதும். இரண்டுக்கும் சாவி எண் போதும். சாவியோடு புது விவரத்தைக் கொடுத்தால் பதிவு மாறும். சாவியை மட்டும் கொடுத்து அழி என்றால் அழியும். பலருக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். இல்லாத சாவியைக் கொடுத்து அழிக்கச் சொன்னாலும் 'முடிந்தது' என்றே பதில் வரும். ஏன், எதற்கு என்று அது கேட்காது. அதனால்தான் எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. எனக்கு மனிதர்களிடம் பேச வராது.

சாவி எண்ணுக்கு விதி வகுத்தது நான்தான். பிறந்த தேதி, அடுத்து வீட்டின் எண். ஒரே வீட்டில் ஒரே நாளில் பிறந்தவர்கள் இருந்தால் கடைசியில் மூத்தவருக்கு ஒன்று, இளையவருக்கு இரண்டு. நகராட்சி முழுக்க அப்படி ஒரே வீடுதான் இருந்தது. ஹவுகினிவாவில் ஏரிக்கரையோரம், ஹார்கோனென் சகோதரர்கள். இரட்டையர்கள். எண்பத்தொரு வயது, இருவருமே திருமணம் செய்துகொள்ளாதவர்கள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. என் திரையில் பெயர்கள் வராது, சாவியும் நிலையும் மட்டுமே வரும். கடிதங்களிலும் பெயர் எழுதக்கூடாது என்பது எங்கள் விதி. அந்தரங்கம் காக்க வேண்டுமல்லவா.

ஜூலை முதல் திங்கள். உங்களுக்கும் தெரியும், கோடை விடுமுறை, ஜூலையில் இங்கே யாரும் இருப்பதில்லை. ஹவுகினிவா பக்கத்துச் செவிலியர் மர்யுக்கா வெள்ளிக்கிழமையே தன் ஏரிக்கரைக் குடிலுக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது என் அறைக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"சைலா, நாலு வாரம் என்னைத் தேடாதே. போனைத் தண்ணியில போட்டுட்டு சவுனாவுல ஆவி புடிச்சுக்கிட்டு உக்காந்துக்கப் போறேன். உன் கம்ப்யூட்டர் செத்தாக்கூட எனக்குச் சொல்லாதே."

"சரி" என்றேன்.

"இந்தப் பொண்ணு ஒரு வார்த்தைக்கு மேல பேசினா கூரை இடிஞ்சு விழுந்துடும்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அவர் இடத்தில் வந்த மாற்றுச் செவிலியர் திங்கள் காலை ஒரு வரி எழுதியிருந்தார். ஹார்கோனென் வீட்டுச் சாவியின் முன்பாதி, பிறகு 'மூத்தவர் இறந்துவிட்டார்'. பெயர் எழுதவில்லை, விதிப்படிதான் நடந்துகொண்டார். நான் இரண்டு பதிவுகளையும் திறந்தேன். ஒன்று என்று முடிந்ததில் நிலை, 'வீட்டில்'. இரண்டு என்று முடிந்ததில், 'மருத்துவமனையில், வருகை நிறுத்தம்'. நான் அதைக் கவனிக்கவில்லை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கவனித்தேன். வீட்டிலும் மனிதர்கள் இறக்கிறார்கள். மூத்தவர் என்றால் ஒன்று. ஒன்றை அழித்தேன். 'முடிந்தது' என்று வந்தது.

மர்யுக்காவின் வாக்குமூலத்தை நேற்று எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "பதிவு பண்ண நான் போனப்ப கதவைத் திறந்தது வெய்க்கோ, அவனுக்கு ஒண்ணு போட்டேன். டவுனோ கழிப்பறையில இருந்தான், அவனுக்கு ரெண்டு" என்று சொல்லியிருக்கிறார். ஆனால் டவுனோதான் இருபது நிமிடம் மூத்தவர். விதியை மீறியது யார் என்பதை நீங்கள் குறித்துக்கொண்டீர்களா என்று எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை அலுவலகக் காபி மேஜையில் உள்ளூர்ப் பத்திரிகை கிடந்தது. இறப்பு அறிவிப்பில் ஒரு பிறந்த தேதி. எனக்கு எண்கள் மறப்பதில்லை. டவுனோ ஹார்கோனென், மருத்துவமனையில் அமைதியாகப் பிரிந்தார், துயரத்தில் தம்பி வெய்க்கோ. அப்படியானால் வீட்டில் இருந்த பதிவு தம்பியுடையது. நான் அழித்தது அதைத்தான்.

எதிரில் என் மேலாளர் பெட்ரி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"ஆகஸ்ட் பதினஞ்சு, மாவட்டக் கூட்டம். உன் சாவி முறையைத்தான் எல்லா நகராட்சியும் எடுத்துக்கப் போறாங்க. மூணு வருஷம், ஒரு தப்பான அழிப்புகூட இல்ல. எங்கம்மா மீன் சூப்புலகூட முள்ளு வரும், உன் வேலையில வரல."

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அழித்த பதிவை முப்பத்தைந்து நாள் வரை மீட்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் மீட்கும்போது காரணம் எழுத வேண்டும், அந்தக் காரணம் பெட்ரிக்குப் போகும். காரணங்கள் ஒரு பட்டியலாக வரும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த நிகழ்வுக்குப் பொருந்தக்கூடியது ஒன்றுதான், 'தவறான அழிப்பு'. நான் அந்தப் பட்டியலைத் திறந்து வெகுநேரம் பார்த்தேன். பிறகு மூடினேன். தெரியாமல் எதையும் செய்யக்கூடாது, முதலில் நேரில் போய்ப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். இதுவரை யாரும் செய்யாத அளவுக்கு நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

வெள்ளி மாலை, வேலை முடிந்து போனேன். முற்றத்தில் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. கதவைத் திறந்தவர் உயரமானவர், சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். கையில் தொலைபேசி.

"யாரும்மா நீ? மதப் பிரசங்கம்னா அடுத்த வீட்டுக்குப் போ. அவன் பாவம் நெறைய பண்ணியிருக்கான்."

நகராட்சியிலிருந்து வருகிறேன், கைப்பட்டையைப் பார்க்க வந்தேன் என்றேன்.

"அப்பாடா. உள்ள வா. அதைத்தான் சொல்லலாம்னு போனைக் கையில எடுத்தேன். இதை அமுக்கினா பச்சை வெளக்கு எரியுது, யாரும் பேசமாட்டேங்குறாங்க. ஊசி போடுற பொண்ணும் செவ்வாய்லேர்ந்து வரல. எனக்குக் கண்ணும் சரியாத் தெரியாது, கையும் ஆடுது, நானா போட்டுக்க முடியாது. ஜூலைதானே, எல்லாரும் ஏரியில கிடப்பாங்கன்னு நாலு நாள் பொறுத்தேன்."

காபி வேண்டாம் என்று சொல்ல முடியாது, அந்த வீட்டில் துக்கம். அவர் போட்டுக்கொடுத்தார். ஏலக்காய் ரொட்டியும் வைத்தார், அண்ணனுக்காக வாங்கியதாம். இரண்டு கோப்பை குடித்தேன். மூன்றாவதை மறுத்தேன். மேஜையில் மூன்று பெரிய தண்ணீர்க் குடுவைகள் இருந்தன, இரண்டு காலி. பேசப் பேச அவர் குடித்துக்கொண்டே இருந்தார். நான் வேதியியல் படித்தவள். இன்சுலின் இல்லாத உடம்பு ஏன் அவ்வளவு தண்ணீர் கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

கொடியைப் பற்றிக் கேட்டேன். துக்க வீட்டில் இறந்த நாளன்று மட்டும் ஏற்றுவதுதானே இங்கே வழக்கம்.

"இருபது நிமிஷம் முந்திப் பொறந்துட்டு எண்பத்தோரு வருஷம் என்னை ஏவிட்டிருந்தான். ஒரு நாள் போதுமா அவனுக்கு? அடக்கம் பண்ற வரைக்கும் பறக்கட்டும். காலைல எட்டு மணிக்கு ஏத்துவேன், சாயங்காலம் எறக்கிடுவேன். ராத்திரியில கொடியைக் கம்பத்துல விடுற ஆளு இல்ல நான். அப்படி ஒரு நாள் விட்டேன்னா செத்துட்டேன்னு வெச்சுக்கோ."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு கேட்டார்.

"அப்ப நாளைக்கு வந்துடுவாங்களா, பொண்ணே? மர்யுக்கா நம்பர் என்கிட்ட இருக்கு. அவ லீவுல இருக்கா, தொந்தரவு பண்ணக் கூச்சமா இருக்கு. நீ வராட்டி இப்பவே கூப்பிட்டிருப்பேன்."

"கூப்பிட வேண்டாம், ஐயா. பட்டியல் சரியாகிவிடும்" என்றேன்.

அவர் தொலைபேசியைக் கீழே வைத்தார். நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எப்போது, எப்படி என்று அவர் கேட்கவில்லை.

குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த, மர்யுக்காவின் எண் எழுதிய சீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் குளியலறைக்குப் போனபோது நான்தான் எடுத்தேன். ஊழியரின் சொந்தத் தொலைபேசி எண்ணை வாடிக்கையாளர் வீட்டில் எழுதி வைப்பது விதிக்குப் புறம்பானது. கொட்டை எழுத்தில், யார் வந்தாலும் தெரியும்படி இருந்தது. யாருடைய எண்ணாக இருந்தாலும் நான் எடுத்திருப்பேன். என் மேஜை டிராயரில் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன்.

சனி, ஞாயிறு வீட்டில் இருந்தேன். துணி துவைத்தேன். திங்கள் அலுவலகம் போனேன், யாரும் எதுவும் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் உங்களிடம் சொன்னதாகப் படித்தீர்கள், கொடியைப் பார்த்தாராம், துக்க வீட்டில் போய்த் தட்டக்கூடாது என்று இருந்துவிட்டாராம். அவர்மேல் வழக்கு இல்லை என்று நினைக்கிறேன். இருக்கக்கூடாதுதான்.

செவ்வாய் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகும் வழியில் அந்தப் பக்கம் திரும்பினேன். சுற்றுவழிதான், இருபது நிமிடம் கூட ஆகும். கொடி கம்பத்திலேயே இருந்தது. இரவு பெய்த மழையில் நனைந்து கம்பத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எட்டு மணிக்குத்தான் ஏற்றுவார். அப்படியானால் முந்திய மாலை இறக்கவில்லை.

உள்ளே வானொலியில் மீனவர்களுக்கான வானிலை ஓடிக்கொண்டிருந்தது. வானொலியை யாரும் அணைக்காவிட்டால் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். நான் கதவைத் தட்டவில்லை. தட்டினால் என்ன கிடைத்திருக்கும், எனக்கு வேண்டிய தகவல் கம்பத்திலேயே இருந்தது. கயிற்றை அவிழ்த்துக் கொடியை இறக்கினேன். தரையில் படாமல் பிழிந்து, நான்காக மடித்து, வாசல்படியில் மழை படாத இடத்தில் வைத்தேன். அந்த மனிதருக்கு யாராவது அதைச் செய்ய வேண்டும் என்று தோன்றியது.

அலுவலகத்தில் பதிவை மீட்டேன். காரணம், 'விவரம் நிறைவு செய்ய'. இப்போது அது பொருந்தியது. நிலையைத் திருத்தினேன்: இறந்தவர். இறந்த தேதி: திங்கள். பிறகு முறைப்படி அழித்தேன். அண்ணனுடைய பதிவையும் அழித்தேன். இரண்டு முறையும் 'முடிந்தது' என்று வந்தது. நானூற்றுப் பத்து பேர் மிச்சம், எல்லாம் சரியாக இருந்தது. பல நாட்களுக்குப் பிறகு அன்று மதியம் பசித்துச் சாப்பிட்டேன்.

மர்யுக்கா சவுனா அடுப்பு பற்றவைக்கப் பழைய பத்திரிகையைக் கிழித்தபோது டவுனோவின் அறிவிப்பைப் பார்த்தாராம். ஆறுதல் சொல்லத் தம்பியைக் கூப்பிட்டால் பதில் இல்லை. நூற்றிருபது கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்திருக்கிறார். அது வெள்ளிக்கிழமை. உடல் கிடைத்தது வெள்ளிக்கிழமை, இறந்த தேதி செவ்வாயன்றே எழுதப்பட்டிருக்கிறது. அதை வைத்துத்தான் என்னிடம் வந்தீர்கள். நான் வேறு தேதி போட்டிருக்கலாம், அல்லது காலியாக விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுவதுதான் என் வேலை. இதை நீங்கள் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கவில்லை.

நான் அவரைக் கொன்றேனா என்று நேராகக் கேட்டீர்கள். ஆம். முதல் திங்களன்று தெரியாமல். வியாழனிலிருந்து தெரிந்து. வெள்ளியன்று அவர் மேஜையில் உட்கார்ந்து, அவர் கையிலிருந்த தொலைபேசியைக் கீழே வைக்கச் செய்து. இதற்குக் கையெழுத்துப் போடுகிறேன்.

இது என்ன தாள்? பிரேதப் பரிசோதனை அறிக்கையா.

இறந்தது வியாழன் மாலை என்று எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் செவ்வாய் காலை நான் வாசலில் கொடி மடித்தபோது... சமையலறைத் தரையில், கதவுக்குப் பக்கத்தில். கதவின் உள்பக்கம் நகக் கீறல்கள். சரி. படித்துவிட்டேன்.

பதிவில் நான் போட்ட அந்தத் தேதி தவறு. அதை அப்படியே விடக்கூடாது. உங்கள் கணினியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்ப முடியுமா? ஒரு நிமிட வேலைதான். சாவி எண் எனக்கு மனப்பாடம்.