பாதிக் கைப்பிடி மட்டை

தொப்பையைக் குறைக்க நான் பெரிய விலை கொடுத்து வாங்கிய டேபிள் டென்னிஸ் மட்டையால் இப்போது வீட்டில் கொசு அடிக்கிறோம். பெரும்பாலும் கொசுதான் ஜெயிக்கிறது. அதனால்தானோ என்னவோ, காலாப்பட்டிலிருந்து டவுனுக்கு வரும் பஸ்ஸில், முன் இருக்கை அம்மாள் கணவரின் போனில் மட்டைப் படங்களைப் பார்த்துச் சொன்னது என் காதில் விழுந்தது.

“கைப்பிடி பாதிதாங்க இருக்கு. கடையில வெலயும் பாதிதான கேக்கணும்?”

“அது அப்டித்தாம்மா. பேனா புடிக்கிற மாரி புடிச்சி ஆடுறது.”

“ஒரு பக்கம் ரப்பரே காணோம்?”

“அந்தப் பக்கத்தால அடிக்கிறதில்ல.”

“வூட்ல இருக்கிற முழு மட்டைக்கு இன்னா கொற?”

அவர் வலது கையை நீட்டிக் காட்டினார். “மிஷின்ல மாட்டுனதுலேர்ந்து கடைசி ரெண்டு வெரலும் மடங்கல. அது நழுவி வுழுந்துடுது. இதுக்குக் கட்டவெரலும் ஆள்காட்டி வெரலும் போதும். ஒரு வருசமா கம்பெனில எல்லாரும் ஆடுறாங்க, நான் ஓரமா நின்னு பாயிண்ட் எழுதுறேன்.”

அந்த அம்மாள் போனில் ஒவ்வொரு மட்டையாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு போனை அவரிடம் நீட்டினார்.

“நானூறு ரூபா மட்ட வாணாம். ரப்பர் உரிஞ்சிடுதுன்னு வாங்குனவங்க கீழ எழுதியிருக்காங்க. எட்நூறு ரூபா மட்டயே வாங்கிக்கங்க. குக்கர் அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இறங்கும்போது அந்த அம்மாள் சொன்னார்: “பத்து வெரலும் மடங்குனப்பவே நீங்க ஒரு ஆட்டம் ஜெயிச்சதில்ல. தோத்துட்டு வந்து மட்டய கொற சொல்லக்கூடாது.”