பதினைந்து சிட்டிங்

— மறுபடி கேக்கறேன் முனிராஜ். பாதத்துல கரண்ட் தெரியுதா, இல்லையா?

— தெரியுது மேடம். சாமி சத்தியமா தெரியுது. எறும்பு ஊர்ற மாதிரி சுர்ருங்குது.

— புண்ணு மேல இருக்கற கரண்ட் பட்டையிலயா, கெண்டைக்கால் பட்டையிலயா?

— ரெண்டுலயும்தான். இன்னைக்கு ஜாஸ்தியே தெரியுது.

— நல்லது. தலையைத் தூக்கி மெஷின் ரெகுலேட்டரைப் பாருங்க. முள்ளு எங்க நிக்குது?

— ...ஜீரோல.

— முப்பது வருஷம் லைன்மேனா இருந்தவர்தானே நீங்க? ஜீரோல கரண்ட் எப்படி வரும்?

— அது... நேத்து விட்டது கொஞ்சம் தங்கியிருக்கும் மேடம்.

— விளையாடாதீங்க!

— சிஸ்டர், ஸ்வல்ப பொறுங்க சிஸ்டர். நம்மாளு ராத்திரி பூரா கண்ணை மூடல.

— சந்திரம்மா, நான் சிஸ்டர் இல்ல, பிசியோ. எத்தனை தடவை சொல்றது? மணி பத்தே முக்கால். பதினோரு மணிக்கு டாக்டர் கிளாரன்ஸ் வந்துடுவார். பதினஞ்சு சிட்டிங் டயம் குடுங்க, புண்ணு சுருங்கலேன்னா முழங்காலுக்குக் கீழ காலை எடுத்துக்கோங்கன்னு அவர்கிட்ட மல்லுக்கட்டினவ நான். நேத்தோட பதினஞ்சு முடிஞ்சுது. உங்க புருஷன் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. இப்பவாவது யாராவது நிஜத்தைப் பேசுங்க, சரியா?

— நிஜம்னா... முதல் நாள்லேருந்தே எனக்கு ஒண்ணும் தெரியல மேடம்.

— ஒரு நாள்கூடவா?

— ஒரு நாள்கூட. சர்க்கரையில அந்தக் கால் எப்பவோ மரத்துப்போச்சு. ஆணி குத்தினதே செருப்புல ரத்தத்தைப் பாத்துத்தான் தெரியும்.

— அப்புறம் எதுக்கு எறும்பு, சுர்ருனு கதை விட்டீங்க?

— பக்கத்து பெட்டுல காக்ஸ் டவுன் ஆம்ப்ரோஸ் இருக்காரில்ல, அவருதான் சொன்னாரு. 'உணர்ச்சி இல்லேன்னு வாயைத் தொறந்துடாதே முனி, அன்னைக்கே கழட்டிடுவாங்க'ன்னு.

— அட கடவுளே. மரத்த காலுக்கும் இந்த வைத்தியம் உண்டு முனிராஜ். விரல் லேசா துடிக்கிற வரைக்கும் ஏத்தி, அப்புறம் ஒரு புள்ளி இறக்கி வைப்பேன். நீங்க தெரியுதுன்னு சொன்னதை நம்பி அதை நான் செய்யவே இல்ல.

— அப்ப என் பொய்யாலதான் கால் போகுதா?

— அது பாதிதான். இந்த பிளாஸ்டிக் ஷீட்டைப் பாருங்க. வாராவாரம் புண்ணோட விளிம்பைப் பேனாவால வரைஞ்சேன். மூணு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு நிக்குது. நூலளவு சுருங்கல. கரண்ட் கம்மியா போயிருந்தாக்கூட ஏதாவது மாறியிருக்கணும். இன்னொண்ணு. நேத்து மூணுல வச்சுட்டு அடுத்த பேஷண்ட்கிட்ட போனேன். டைமர் மணி அடிச்சு வந்து பார்த்தா நாலுல நிக்குது. யாரு திருகினது?

— நான்தான் மேடம். நானேதான்.

— அப்படியா? படுத்த வாக்குலயே கையை நீட்டித் தொடுங்க.

— தோ...

— ஒரு முழம் எட்டல.

— நேத்து எட்டுச்சு.

— நேத்து கை நீளமா இருந்துச்சா? யாரைக் காப்பாத்தறீங்க?

— விடுங்க மேடம். கால் என்னுது. போனா என்னோட போகட்டும்.

— போதும் மாமா. வாயை மூடு.

— சந்திரா, நீ சும்மா இரு!

— சும்மா இருந்துதான் இங்க வந்து நிக்குது. நான்தான் சிஸ்டர். நீங்க ஸ்க்ரீனை இழுத்துட்டு அந்தாண்ட போனதும் ஜீரோவுக்குத் திருப்பிடுவேன். உங்க செருப்புச் சத்தம் கேட்டா பழைய இடத்துல வச்சிடுவேன். நேத்து அவசரத்துல தப்பிப்போச்சு.

— எத்தனை நாள்?

— எல்லா நாளும்.

— எதுக்கும்மா? சின்ன கரண்ட்தான், ஒண்ணும் ஆகாதுன்னு தினமும் உங்ககிட்டத்தானே சொன்னேன்?

— அந்த வார்த்தைதான் சிஸ்டர்! எங்க அண்ணன் தனக்கோடி இவரோட ஜோடியா கம்பம் ஏறினவரு. அன்னைக்கு மர்பி டவுன் மார்க்கெட்டாண்ட சாப்பாட்டு டப்பாவோட நான் கீழ நிக்கறேன். 'லைன் ஆஃப் பண்ணியாச்சு, ஒண்ணும் ஆகாது, ஏறு'ன்னு சொன்னது, இதோ படுத்திருக்காரே, இவருதான்.

— ஆஃப் பண்ணிட்டேன்னு நினைச்சேன் சந்திரா. மெய்யாலுமே நினைச்சேன்.

— உன்னைக் குத்தம் சொல்லல மாமா. இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு தடவை சொன்னேனா? ஆனா இவங்க அதே வார்த்தையைச் சொல்றப்போ, அண்ணன் கம்பியில தொங்கினதுதான் வருது. இப்ப நானே உன் காலை வெட்டிட்டேனே!

— அழாதீங்க. ஒரு நிமிஷம்... பதினஞ்சு நாளும் ஜீரோவா?

— உங்களை ஏமாத்திட்டேன் சிஸ்டர்...

— அதை விடுங்க. கையைக் குடுங்க. புது ஈரத்துணி, ரெண்டு பட்டை. திருகறேன். தெரிஞ்சதும் சொல்லணும்.

— வேணாம் சிஸ்டர், வேணாம்... அய்யோ... இது... இவ்வளவுதானா?

— என்னா பண்ணுது சந்திரா?

— கைக்குள்ள வண்டைப் புடிச்ச மாதிரி இருக்கு மாமா. கடிக்கல.

— இப்ப அவர் கால்ல வச்சாச்சு. நீங்களே திருகுங்க. மெதுவா. கண்ணு விரல் மேலயே இருக்கட்டும்.

— மூணு... நாலு... அஞ்சு... சிஸ்டர், கட்டைவிரல் ஆடுது! நீயா ஆட்டினே மாமா?

— நான் எங்க ஆட்டினேன்? எனக்கு ஒண்ணுமே தெரியலியே!

— இன்னைக்குத்தான் உண்மையைச் சொல்றீங்க. சந்திரம்மா, ஒரு புள்ளி இறக்குங்க. அங்கேயே விடுங்க.

— மேடம்... உங்க சார்ட்டுல பதினஞ்சு டிக் இருக்கே. எல்லாம் உங்க கையெழுத்து. இதைச் சொன்னா உங்களைச் சும்மா விடுவாங்களா?

— விடமாட்டாங்க. கூட இருந்து பார்த்தேன்னு பதினஞ்சு தடவை எழுதியிருக்கேன். ஒரு நாளும் முழுசா கூட இல்ல.

— அப்ப சொல்லாதீங்க. புது வேலை தேடற வயசா உங்களுக்கு? எனக்கு ஒரு கட்டைக்காலைக் குடுத்தா நடந்துட்டுப் போறேன்.

— மாமா, வாயை மூடுன்னேன்ல!

— ஷ்... வர்றார்.

— என்ன சௌம்யா, மூணு தடவை பேஜ் பண்ணிட்டேன், பதிலே இல்ல? தியேட்டர் ரெடி. பதினஞ்சு சிட்டிங்கும் முடிஞ்சுதில்ல?

— இல்ல டாக்டர். இன்னும் ஒண்ணுகூட முடியல. முதல் சிட்டிங் இப்பத்தான் ஓடிக்கிட்டிருக்கு.