பேசாம வச்சிருந்த நம்பர்

புது நம்பர் வேணாம்மா, பழசையே திருப்பிக் குடுக்க முடியுமான்னுதான் கேக்குறேன். ம்ம், எழுதிக்கோ. வெர்லீன் டிப்டன். ஊரு இதே கிளார்க்ஸ்டேல்தான். வீட்டுல எத்தன பேரா? நான் ஒருத்திதான். ஆமா, இல்லாதவங்களுக்கு அரசாங்கம் குடுக்குற இந்த ஓசி போனுதான். போன வருஷம் இதே கூடாரத்துலதான் வாங்கினேன்.

தொலைக்கல கண்ணு. ஒடைக்கவும் இல்ல. பொத்திப் பொத்தி வச்சிருந்தேன், அதான் தப்பாப் போச்சு. மாசத்துக்கு இவ்ளோ நிமிஷந்தான்னு சொல்லித்தானே குடுத்தீங்க? அது தீந்துடக் கூடாதுன்னு ஒரு தடவ கூட யாருக்கும் போடல. எம்பொண்ணு ஜனீத்தா கோவிச்சுக்கிட்டு மெம்ஃபிஸ் போயிட்டா. வர்ற காலுக்கும் நிமிஷம் கழியுமே, அவ கூப்பிடறப்போ மிச்சம் இருக்கணும்ல? அவளுக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது அந்த ஒரு நம்பருதான். ஆலையில நாள் பூரா கெளுத்தி மீன் அறுத்துட்டு வந்து, கையக் கழுவிட்டு, போன்ல வெளிச்சம் வருதான்னு மட்டும் பாப்பேன். மெசேஜ் ஒண்ணு வந்துச்சு. தொறந்தா நிமிஷம் போயிடுமோன்னு தொறக்கல. முப்பது நாள் பேசலேன்னா வெட்டிருவோம்னு அதுலதான் போட்டிருந்துச்சாம்.

சிரி, சிரி. எங்க நாத்தனா இயர்லீனும் இப்படித்தான் சிரிச்சா. அடி கூறுகெட்டவளே, ரெண்டு வருஷ ஒப்பந்தத்துல ஒரு போன் வாங்குடி, காசு கட்டலேன்னாத்தான் கம்பெனிக்காரன் வெட்டுவான், பேசலேன்னு வெட்ட மாட்டான்னா. போய்க் கேக்காமயா இருந்தேன்? கடைக்காரன் கம்ப்யூட்டரத் தட்டிப் பாத்தான். பழைய ஆஸ்பத்திரி பாக்கி நிக்குதாம். கடன் பாக்கி இருக்குறவங்களுக்கு ஒப்பந்தம் கெடையாதுன்னுட்டான்.

என்ன, முடியாதா? வேற ஆளுக்குப் போயிடுச்சா? அது தெரியும்மா. சர்ச் போன்லேருந்து அந்த நம்பருக்குப் போட்டேன். ஒரு பெரியவர் எடுத்தார். தங்கமான மனுஷன், பேச்சுக்குப் பேச்சு அம்மாங்கறார். இருந்தாலும் நம்பர் எனக்கே திரும்பக் கெடைச்சா தேவலன்னு பாத்தேன்.

சரி விடு. கையெழுத்து எங்க போடணும்? இங்கயா?

புது நம்பர ஒரு சீட்டுல பெருசா எழுதிக் குடு கண்ணு. எனக்கில்ல, அந்தப் பெரியவருக்குக் கொண்டு போய்க் குடுக்கணும், அவரும் இதே ஊருதான். மூணு ஞாயித்துக்கிழமையா ஒரு பொண்ணு கூப்பிடுதாம். எடுத்ததும் அம்மாங்குதாம். ஒவ்வொரு தடவயும் வேற வேற ஆளு போன்லேருந்து, திருப்பிக் கூப்பிடவும் வழியில்ல. ராங் நம்பர்னு சொல்லி வச்சிடறாராம், பாவம், அவருக்கென்ன தெரியும்?

கொஞ்சம் சீக்கிரம் எழுதும்மா. நாளைக்கு ஞாயித்துக்கிழமை.