கை வைக்காத படம்

மனித குலம் முழுவதற்குமான ஒரு முக்கிய அறிவிப்போடு தொடங்குகிறேன்: யாருடைய முகத்திலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு கண் சிறிது, ஒரு காது மேலே, ஒரு தோள் எப்போதும் மற்றொன்றோடு கோபித்துக்கொண்டு இறங்கி நிற்கும். இதை உலகுக்கு அறிவிக்கும் தகுதி எனக்கு உண்டு. பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்தே வயிறு வளர்த்தவன் நான். தப்பாக நினைக்காதீர்கள் மேடம், உங்களுக்கும் வலது கன்னம் சற்று நிறைவு. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டால் தெரியாது.

என் மகளுக்கு இடது புருவம் தாழ்வு. பிறவியிலேயே அப்படி. பள்ளிக்கூட அடையாள அட்டைக்குப் படம் எடுத்தபோதே அதை மேலே ஏற்றிவிட்டேன். சட்டைக் காலர் மடங்கியிருந்தால் எந்தத் தகப்பன்தான் நீவிவிடமாட்டான், அதுபோல. குற்றம் அங்கே ஆரம்பித்தது என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்வதானால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஸ்டுடியோ படுத்துக் கிடந்த காலம் அது. ஊரில் ஆளுக்கொரு ஃபோன், ஃபோனுக்குள் ஆளுக்கொரு அழகு நிலையம். யார் என்னிடம் வருவார்கள்? விசாவுக்கும் வேலைக்கும் விண்ணப்பிக்கிறவர்கள் வருவார்கள். சிரிக்கக் கூடாது என்று சட்டம் சொல்லும் படம் எடுத்துக்கொண்டு, சிரிக்காமலே போவார்கள். அந்த வறட்சியிலும் எங்கள் சங்கம் எனக்கு 'ஒளிச் சிற்பி' என்று பட்டம் கொடுத்தது. தலைவர் என் ஒளியைப் புகழ்ந்துகொண்டிருக்கும்போதே மண்டபத்தில் கரண்ட் போய்விட்டது. பட்டத்தை இருட்டில் தடவித்தான் வாங்கினேன்.

மகள் அப்போது படிப்பு முடித்து வீட்டில் இருந்தாள். வேலை கிடைக்கும்வரை கல்லாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். புது விளக்கு ஒன்று வந்திருந்தது. வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்க அவளை ஸ்டூலில் உட்காரவைத்து நாலு படம் எடுத்தேன். அதில் ஒன்றை எடுத்து, புருவத்தை வழக்கம்போல ஏற்றி, தாடையைக் கொஞ்சம் செதுக்கி, கையைக் கொஞ்சம் மெலித்து, இடுப்பை உள்ளே தள்ளி, ஸ்டுடியோவின் இணையப் பக்கத்தில் போட்டேன். கூடவே ஒரு வரியும் எழுதினேன்: "ஃபில்டர் இல்லை, எடிட் இல்லை, எல்லாம் வெளிச்சம்."

ஊரே ஃபில்டர் போடும்போது ஃபில்டர் இல்லை என்று சொல்வதுதான் வியாபாரம். அது பொய் என்று நீங்கள் சொல்கிறீர்கள். விளம்பரம் என்று நான் சொல்கிறேன். நமக்குள் வித்தியாசம் அவ்வளவுதான்.

மகள் படத்தைப் பார்த்துவிட்டு, "யாருப்பா இது? நல்லாருக்காளே," என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். எங்கள் வீட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். எதிலும் காலாவதி தேதியைத் தேடும் பழக்கம் உண்டு.

படம் ஓடியது. லைக்குகளைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்ள விரும்பவில்லை. கூட்டம் வந்தது, அதைச் சொன்னால் போதும். எல்லாம் இளம்பெண்கள். ஃபோனை நீட்டி, இந்தப் பெண்ணைப்போல எடுத்துக்கொடுங்கள் என்பார்கள். அந்தப் படத்தை ஆள் உயரத்துக்கு வெட்டி வாசலில் நிறுத்தினேன். எங்கள் வீடு ஸ்டுடியோவுக்குப் பின்னால். வெளியே போக வேறு வழி கிடையாது. வாசலும் குறுகல். மகள் எங்கே போனாலும் அந்த அட்டைப் பெண்ணை ஒட்டி, உடம்பை ஒருக்களித்துத்தான் போக வேண்டும். அட்டை அங்குலம்கூட நகராது. அதற்குக் கீழே மரக்கட்டை வைத்து ஆணி அடித்திருந்தேன்.

ஒருநாள் கல்லாவில் அவள் இருந்தபோது கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி அட்டையைக் காட்டி அவளிடமே கேட்டாள்: "அக்கா, இந்த மாடல் இன்னைக்கு வரலியா?"

"லீவு," என்றாள் என் மகள்.

நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல நகைச்சுவை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவள் கல்லாவில் உட்காரவில்லை. உள்ளறையிலேயே இருந்துகொண்டாள். பிலிம் காலத்தில் அது என் இருட்டறை, ஜன்னல் கிடையாது. படுத்தபடி ஃபோனில் தன் படத்துக்கு வந்த கமெண்டுகளைப் படித்துக்கொண்டிருப்பாள். எல்லாம் பாராட்டு. திட்டியிருந்தால் ஒருவேளை கோபப்பட்டுப் பிழைத்திருப்பாள்.

அதன் பிறகுதான் சாப்பாட்டைக் குறைத்தாள். பசிக்கவில்லை என்பாள், அப்புறம் சாப்பிடுகிறேன் என்பாள். அம்மாவின் மருந்துக்கடையில் எடை மெஷின் ஒன்று இருக்கிறது. அங்கே போய் ஏறி இறங்க ஆரம்பித்தாள். கடை முதலாளி, "உங்க பொண்ணு ஏறுற வேகத்துக்கு மெஷினே மெலிஞ்சுடும்போல இருக்கேம்மா," என்று கிண்டல் செய்தாராம். எங்கள் வீட்டுக்காரி இதைச் சொல்லும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மானிட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சில மாதம் கழித்து மகள் ஸ்டூலில் தானாக வந்து உட்கார்ந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. உற்சாகமாகத்தான் இருந்தாள். "அப்பா, இப்ப எடுங்க. ஆனா எதையும் தொடாதீங்க. கை வைக்காம அப்படியே காட்டுங்க," என்றாள்.

எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். மேடம், இதை ஒரு கலைஞனின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். திரையில் இருந்தவள் வாசலில் நிற்கும் அட்டைப் பெண்ணின் அளவுக்கு வந்துவிட்டிருந்தாள். படமும் பெண்ணும் ஒன்றாகிவிட்டால் அப்புறம் ஒளிச் சிற்பி எதற்கு? பழைய படத்தையே மறுபடி போட்டதுபோல இருக்கும். பக்கத்தைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு படி மேலே எதிர்பார்ப்பார்கள். எனவே இன்னும் ஒரு விரல் அளவு உள்ளே தள்ளினேன். கன்னத்தையும் சற்றுக் கரைத்தேன். புருவம் உங்களுக்குத்தான் தெரியுமே.

"தொட்டீங்களா?" என்று கேட்டாள்.

"தொடவே இல்லைம்மா. எல்லாம் வெளிச்சம்தான்."

அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு நாள் முழுக்க மலர்ந்திருந்தது. மறுநாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு அவள் அம்மாவிடம் சொல்வது கேட்டது: "நேத்து ஃபோட்டோல சரியா இருந்தேன்மா. இன்னைக்குப் பாரு. ஒரே ராத்திரியில ஊதிப்போயிட்டேன். நேத்து அந்த ஒரு வாய் சாப்பிட்டிருக்கக் கூடாது."

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். வையுங்கள். நானும் அன்று மவுஸிலிருந்து கையை எடுத்தேன், கொஞ்ச நேரம்.

அவள் கணக்கு தெளிவான கணக்கு. அப்பா கை வைக்காத படம் உண்மை. எனவே கண்ணாடியில் தெரிகிற சதை நேற்றைக்குப் பிறகு ஏறியது. எனவே இன்றைக்குச் சாப்பிடக் கூடாது. மெலிந்து வந்து மறுபடி ஸ்டூலில் உட்காருவாள். நான் எடுப்பேன். தொட்டீங்களா என்பாள், இல்லை என்பேன். இப்படியே போய்க்கொண்டிருந்தது. அவள் எட்டிப் பிடிக்க வருவாள், படம் ஓரடி தள்ளிப் போகும். நான் ஒரு தடவைகூடச் சாப்பிடாதே என்று சொன்னதில்லை. விசாரித்துப் பாருங்கள், தட்டை எடுத்து வைத்து, சாப்பிடும்மா என்று கூப்பிடுகிறவன் நான்தான்.

எங்கள் வீட்டுக்காரி ஸ்டுடியோ கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள். அவள் கத்துகிற ரகம் இல்லை. பில் சொல்கிற குரலிலேயே சொன்னாள்: "நான்தான் மாத்தி மாத்தி வச்சேன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா, அம்மா சமாதானத்துக்குச் சொல்றான்னு நினைக்கிறா. நீங்க சொன்னா நம்புவா. நம்பினா சாப்பிடுவா."

சொல்கிறேன் என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். ஆனால் பாருங்கள், பெயர்ப்பலகையையே அப்போதுதான் மாற்றியிருந்தேன். 'எல்லாம் வெளிச்சம்' என்று தங்க எழுத்தில், உள்ளே விளக்கு எரியும் பலகை. மகளிடம் சொன்னால் அவள் ஃபோனில் யாரிடமாவது சொல்வாள். இந்தக் காலத்தில் ஒருத்தியிடம் சொல்வதும் ஊருக்குச் சொல்வதும் ஒன்றுதானே. இந்த ஆர்டர் கூட்டம் ஓயட்டும் என்று பார்த்தேன். கூட்டம் ஓயவில்லை. அதற்கு நானா பொறுப்பு?

ஒரு காலையில் அவள் வேலைக்கு இன்டர்வியூ என்று கிளம்பினாள். அட்டையைத் தாண்டும்போது அன்று அவள் ஒருக்களிக்கவில்லை, நேராகவே போனாள். அவ்வளவு இடம் மிச்சம் இருந்தது. அதை நான் கவனித்தேன். கவனிப்பது என் தொழில். ஃபோனை உள்ளறையில் மறந்துவிட்டுப் போயிருந்தாள். திரும்பி வரவில்லை.

எங்கள் வீட்டுக்காரி புகார் கொடுத்தாள். படம் கேட்டார்கள். எங்கள் வீட்டில் படத்துக்கா பஞ்சம்? இருப்பதிலேயே நல்லதாகக் கொடுத்தேன். உங்கள் ஆட்கள் அதைப் பேருந்து நிலையத்திலும் ஆஸ்பத்திரிகளிலும் காட்டினார்கள். யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. பார்த்திருக்கவும் முடியாது.

இரண்டாம் நாள் ஒரு கான்ஸ்டபிள் ஸ்டுடியோவுக்கு வந்தார். பஸ்ஸில் மயங்கி விழுந்த ஒரு பெண் பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் தெரியாமல் கிடப்பதாகச் சொல்லி, அங்கே எடுத்த படத்தை ஃபோனில் காட்டினார். மகா மட்டமான படம். தலைக்கு மேல் டியூப்லைட், கீழேயிருந்து ஃபிளாஷ். உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, கட்டில் கம்பியெல்லாம் ஃபிரேமுக்குள். இது என் பெண் இல்லை என்றேன்.

"வயசு ஒத்துப்போகுது சார். நல்லாப் பாருங்க," என்றார்.

"தம்பி, நான் ஃபோட்டோக்காரன். முகம் பார்க்கறதுதான் என் பொழைப்பு."

அம்மாவிடமும் ஒரு தடவை காட்டிவிடுகிறேன் என்றார். அவளை எதற்கு வீணாகப் பயமுறுத்த வேண்டும் என்று நான்தான் தடுத்தேன். பாவம், மரியாதையான மனிதர். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அவரைத் தண்டித்துவிடாதீர்கள்.

அந்த வார்டு நர்ஸ் உங்களிடம் சொன்னதைப் பிறகு எங்கள் வீட்டுக்காரியிடமும் சொன்னாராம். அந்தப் பெண்ணுக்கு இடையில் ஒரு தடவை நினைவு வந்திருக்கிறது. 'எல்லாம் வெளிச்சம்' ஸ்டுடியோ படத்தில் இருக்கும் பெண் நான்தான் என்று சொல்லியிருக்கிறாள். நர்ஸ் தன் ஃபோனை எடுத்து எங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். படத்தைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். போர்வையை இழுத்து மூடிவிட்டு, "சரிம்மா, நீதான். இப்ப தூங்கு," என்று தட்டிக்கொடுத்தாராம். அந்த நர்ஸ் அழுதுகொண்டே இருந்ததாகச் சொன்னார்கள். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. யாராயிருந்தாலும் அப்படித்தான் ஏமாந்திருப்பார்கள். என் வேலையின் தரம் அப்படி.

கான்ஸ்டபிள் வந்துபோன மறுநாள் எங்கள் வீட்டுக்காரி படம் எதையும் எடுத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், ஒவ்வொரு கட்டிலாக முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறாள். அவள் போய்ச் சேர்வதற்குச் சற்று முன்னால்தான் அந்தக் கட்டிலைக் காலி செய்திருந்தார்கள். இதயம் நின்றுவிட்டதாக டாக்டர் எழுதியிருக்கிறார்.

வீட்டில் ஒரு படம் மாட்ட வேண்டும் என்கிறாள் இப்போது. நான் எதை எடுத்துக் கொடுத்தாலும், "இது யாரு?" என்று திருப்பித் தருகிறாள். என் கம்ப்யூட்டர் முழுக்கத் தேடிவிட்டேன். அந்தக் கான்ஸ்டபிள் எடுத்துவந்த படம் ஒன்றுதான் அவளுக்குச் சம்மதமாம். எனக்கு அனுப்பிவையுங்கள் மேடம். வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் சரிசெய்து கொடுக்கிறேன்.

நீங்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். நிஜமாகவே அடையாளம் தெரியவில்லையா என்று. படம் மட்டம் என்றேன், ஃபிளாஷ் என்றேன். எல்லாம் உண்மைதான். ஆள் கொஞ்சம் தேறட்டும், முகத்தில் சதை பிடிக்கட்டும், பிறகு போய் அழைத்துவரலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் அவள் யார் என்று வெளியே தெரிந்தால், அந்தப் படத்தையும் என் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊரே பார்க்கும். இரண்டு நாள்தானே என்று கணக்குப் போட்டேன்.

படத்தில் அவள் இடது புருவம் தாழ்ந்திருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

இல்லை என்று சொன்னேன்.